நாற்காலிக்கு மேலே ஒரு கேமரா

"பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க கவலப்படாதீங்க." சுரண்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் ஒரு பெண்ணை வேலைக்கு அழைக்கும்போது பெற்றோரிடம் சொல்லப்படும் வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. அதே கடையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனாகவோ, தூரத்து உறவாகவோ இருப்பார். முதலாளியை யாரும் முதலாளி என்று சொல்வதுமில்லை, அவர் 'அண்ணாச்சி'. ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் பெண்ணை ஒப்படைக்கிற மாதிரியே பேச்சு நடக்கும். பார்த்துக்கொள்வது என்றால் பேணுவது. கடைக்குள் போன பிறகு அந்தச் சொல்லின் பின்பாதி உதிர்ந்துவிடுகிறது. 'பார்ப்பது' மட்டும் மிஞ்சுகிறது.

இந்தக் கட்டுரை அந்தப் பார்வையைப் பற்றியது. குறிப்பாக, கடைத்தளத்தின் கூரையில் இருக்கும் கேமராவைப் பற்றியது. அது திருடர்களுக்காக வைக்கப்பட்டது என்று நம்மிடம் சொல்லப்படுகிறது. நாள் முழுக்க அது யாரைப் பார்க்கிறது என்று கேட்டால் கதை வேறாகிறது.

எங்கள் பகுதியில் அம்மாக்களின் தலைமுறை பீடி சுற்றியது, இன்னும் சுற்றுகிறது. மகள்களில் பலர் கடைகளுக்குப் போகிறார்கள். பள்ளி முடித்தவர்களும், ஊரிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்களும் அதில் உண்டு. இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சம்பளம் மாதாமாதம் வருகிறது, புகையிலைத் தூள் இல்லை, சீருடைச் சேலை இருக்கிறது. ஆனால் முதலாளி எதைக் கட்டுப்படுத்துகிறார் என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேலைகள். பீடிக்கடையில் எண்ணிக்கைதான் கணக்கு. இலையும் தூளும் வாங்கிக்கொண்டு போய், சுற்றிக் கட்டி, கொண்டுவந்து கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார்கள். சரியில்லை என்று கழிப்பார்கள், அந்தக் கழிவில் ஏமாற்றும் நடக்கும். அவள் எப்படி உட்கார்ந்து சுற்றினாள், எத்தனை தடவை எழுந்தாள், காலை நீட்டினாளா, நடுவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாளா என்று பீடிக்கடைக்காரர் கேட்டதில்லை. சுளகை மடியில் வைத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை குனிந்திருந்த அந்த வேலையை நான் கொண்டாடவில்லை. முதுகையும் நெஞ்சையும் தின்ற வேலை அது. ஆனால் அங்கே விற்கப்பட்டது பீடி. கடையில் விற்கப்படுவது பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற உடம்பு. பீடியை எண்ணலாம். நிற்கிற உடம்பைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

தமிழில் இந்த உடம்பைப் பெருந்திரையில் காட்டிய படம் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'. 2010இல் வந்தது. தென்மாவட்டத்திலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வேலைக்குப் போகும் ஜோதிலிங்கமும் கனியும் நம் ஊர்ப் பிள்ளைகள். அதுவரை சினிமாவில் துணி எடுத்துப் போடும் கைகளாக மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் படம் முகமும் பசியும் காதலும் கொடுத்தது. அதை மறுக்க முடியாது. படத்தில் கண்காணிப்பின் முகம் கருங்காலி என்ற மேற்பார்வையாளர். தொழிற்சங்க மொழியில் கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தை உடைப்பவன். அடிப்பதும், பெண்களின் உடம்பில் கைவைப்பதும் அவன் வேலையின் பகுதியாகவே வருகின்றன. கனி தனக்கு நேர்ந்ததை ஜோதிலிங்கத்திடம் சொல்லும் காட்சியைப் பார்த்த எந்தப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள்.

ஆனால் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கொடுமையை ஒரு மனிதனின் குரூரமாக அது காட்டியது. கருங்காலியை வெறுத்துவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டோம். கருங்காலி இல்லாத கடை நல்ல கடை என்று நம்புவது அதனால் எளிதாயிற்று. அடிக்காத, தொடாத, கெட்ட வார்த்தை பேசாத, ஆனால் கண்ணை மூடவே மூடாத ஒரு ஏற்பாடு வந்தபோது, அதைக் கொடுமை என்று சொல்ல நமக்குச் சொல் இல்லாமல் போனது. படம் கனியை விபத்தில் கால்களை இழக்க வைத்துத்தான் முடிவுக்கு வருகிறது. தினமும் நின்று நின்று வீங்கிய கால்கள் ஒரு கதையின் உச்சமாக முடியாது என்று சினிமா நினைத்திருக்கலாம். கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அதுதான் கதை.

சொல் இல்லை என்றேன். உண்மையில் பழைய சொல் ஒன்று இருக்கிறது. கண்காணி. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனவர் அவர். 'கங்காணி' என்று மருவி ஆங்கில அகராதி வரை ஏறிய சொல். கங்காணி அந்நியர் இல்லை. சொந்த ஊர்க்காரர், பல சமயம் சொந்தச் சாதிக்காரர், உறவுக்காரர். முன்பணம் கொடுத்தார், வழித்துணையாக வந்தார், தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தார். இலங்கையில் எத்தனை பேர் காலையில் வேலைக்கு நின்றார்கள் என்ற கணக்கில் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிவைத்த 'துண்டு' முறை அங்கே 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பேணுவதும் பார்ப்பதும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த வரலாற்றில் இருக்கிறது. இன்று நாம் 'கண்காணிப்பு கேமரா' என்று சொல்லும்போது அந்தக் கங்காணியையும் சேர்த்தேதான் சொல்கிறோம்.

இனி நாற்காலிக்கு வருவோம். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களை பி. விஜி என்ற தையல்காரர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டினார். முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்கார ஓர் இடம். அந்தப் போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அதே வழியில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்ய வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார அது பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

வாய்ப்பு என்ற அந்த ஒரு சொல்லில்தான் சட்டம் மாட்டிக்கொள்கிறது. வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரம் வாய்ப்பா, அல்லது துணியை மறுபடி மடித்து வைக்க வேண்டிய நேரமா? எங்கள் பகுதியில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேசியபோது பலரும் சொன்னது ஒன்றுதான். ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாவிலிருந்து குரல் வரும், அல்லது போன் வரும். அண்ணாச்சி கடையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், கல்யாண வீட்டில் இருப்பார், கேமரா அவர் செல்போனுக்குள் இருக்கிறது. "மூணாவது கவுண்டர்ல உக்காந்திருக்கது யாரு?" என்று கேட்டால் போதும். சில கடைகளில் கேள்வியும் கிடையாது. உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. திட்டு இல்லை, அபராதம் இல்லை. மறுநாள் எல்லோரும் நிற்பார்கள்.

அபராதம் போடும் இடங்களும் உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 அபராதத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. எந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இருக்கை வசதியைச் சட்டமே கட்டாயமாக்கிய பிறகு, உட்கார்ந்ததற்குக் காசு பிடிப்பதற்கு இதில் எங்கே இடம்? கேமராவில் தெரிந்தது என்பது விசாரணை ஆகாது. இதை ஒவ்வொரு கடைப் பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேமராவின் வேலை உட்காருவதோடு நிற்பதில்லை. கழிப்பறைக்குப் போகும் நடையில் ஒரு கேமரா இருந்தால், உள்ளே ஒன்றும் தெரியாவிட்டாலும், யார் எத்தனை தடவை போனாள், எவ்வளவு நேரம் எடுத்தாள் என்பது தெரியும். மாதவிடாய் நாள்களில் அந்தக் கணக்கு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து துணி எடுக்கும்போது, ஏணியில் ஏறும்போது, சேலை நழுவும்போது, மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு எது தெரியும் என்பதை யோசித்தபடியே வேலை பார்க்க வேண்டும். அவள் பார்ப்பது ஒரு வேலை, அந்த யோசனை இரண்டாவது வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

ஆகவே பெண்கள் கேமரா எட்டாத மூலையைத் தேடுகிறார்கள். எல்லாக் கடையிலும் அப்படி ஒன்று இருக்கும். துணிக்கட்டுகளுக்குப் பின்னால், மாடிப்படி வளைவில், சரக்கு அறை வாசலில். அங்கே போய்ச் சேலையைச் சரிசெய்கிறார்கள், ஐந்து நிமிடம் குத்தவைத்து உட்காருகிறார்கள், வீட்டுக்கு ஒரு போன் பேசுகிறார்கள், அழவும் செய்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமரா எந்த மூலைக்கு எட்டாது என்பது மேற்பார்வையாளருக்கும் தெரியும். ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட நினைக்கும் ஆண் தேர்ந்தெடுப்பதும் அதே மூலையைத்தான். வெளிச்சத்தில் ஓய்வைத் தடைசெய்து, ஓய்வையும் வன்முறையையும் ஒரே இருட்டுக்குள் தள்ளிவிடுகிறது இந்த ஏற்பாடு. அங்கே ஏதாவது நடந்து அவள் வாய் திறந்தால் முதலில் வரும் கேள்வி, "நீ ஏன் அங்க போன?" என்பது. பதில் சொன்னால், வேலை நேரத்தில் ஒளிந்து உட்கார்ந்தவள் என்ற குற்றமும் சேரும்.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் கேமரா என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 1997இல் விசாகா தீர்ப்பும், அதன்பின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக நமக்குக் கிடைத்தவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. கேமரா பதிவையும் கேட்கலாம். ஆனால் சிறு கடைகளின் பதிவுப் பெட்டி பெரும்பாலும் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் வைத்திருக்கும். இடம் நிறைந்தால் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். ஒரு பெண் அதிர்ச்சியிலிருந்து மீண்டு, அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேலை போனால் தங்கச்சியின் படிப்பு என்னவாகும் என்று கணக்குப் போட்டு, புகார் எழுதும்போது அந்தப் பதிவு அழிந்திருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த படம் மட்டும் யார் போனிலாவது இருக்கும். பாதுகாப்புக்கான கருவி என்றால் இந்தக் கணக்குத் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

சட்டம் பெண்ணின் அந்தரங்கத்தை அறியாததல்ல. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக இருக்கும் ஒளிந்துபார்த்தல் குற்றம், பெண் உடை மாற்றுவதையோ கழிப்பறையில் இருப்பதையோ பார்ப்பதையும் படமெடுப்பதையும் தண்டிக்கிறது. அவசியமான சட்டம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணத்தைக் கவனியுங்கள். பெண்ணுக்கு அந்தரங்கம் என்றால் நிர்வாணம் என்று அது கருதுகிறது. உடுத்தியிருக்கும் பெண், களைத்திருக்கும் பெண், கால் வலியில் முகம் சுளிக்கும் பெண் ஆகியோருக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று ஆகிறது. களைப்பும் அந்தரங்கம்தான் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதையொட்டி வந்த 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும் தரவைப் பயன்படுத்த ஊழியரின் சம்மதம் தேவையில்லை என்று 7ஆம் பிரிவில் வழி திறந்துவிட்டது. வங்கி நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும், செயலி கேட்க வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரம் நம்மைப் படம் பிடிப்பவர் மட்டும் இந்த வாசல் வழியாகக் கேட்காமலே போய்விடலாம். தீர்ப்பு தந்த உரிமை கடை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. ஸ்பெயினில் பார்சிலோனா அருகே ஒரு பெருங்கடையில் 2009இல் சரக்குக் கணக்கு இடித்தது. நிர்வாகம் வாசலில் தெரியும்படி சில கேமராக்களையும், பில் போடும் இடத்தை நோக்கி மறைவாகச் சில கேமராக்களையும் வைத்தது. பதிவை வைத்துப் பதினான்கு பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. லோபஸ் ரிபால்டா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு உரிமை மீறல் என்றது; 2019 அக்டோபரில் பேரமர்வு மீறல் இல்லை என்று மாற்றியது. பேரமர்வு சொன்ன காரணங்களில் ஒன்று இங்கே முக்கியம். கழிப்பறையிலும் உடைமாற்றும் அறையிலும் அந்தரங்கத்தின் எதிர்பார்ப்பு மிக அதிகம். எல்லோரும் வந்துபோகும் விற்பனைத் தளத்தில் அது குறைவு. மறுபடியும் அதே எண்ணம்தான். அந்தரங்கம் இடத்தைப் பொறுத்தது என்கிறார்கள். வந்துபோகும் வாடிக்கையாளர் பார்ப்பதும், சம்பளம் கொடுப்பவர் நாள் முழுக்கப் பார்ப்பதும் ஒன்றா? வாடிக்கையாளர் பார்த்தால் வேலை போகாது.

பார்க்கப்படுகிறோம் என்று நம்புகிறவர் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வார் என்று ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலையை வைத்து எழுதியதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி ஒழுங்குபடுத்தப்படுவதாக அவர் எழுதிவிட்டார் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் சாண்ட்ரா பார்ட்கி 1988இல் விமர்சித்தார். நம் வீடுகளை நினைத்தால் பார்ட்கி சொல்வது உடனே விளங்கும். "கால மடக்கி உக்காரு", "சத்தமா சிரிக்காத", "வாசல்ல நிக்காத" என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்குக் கேமரா புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. வீடு பாதி வேலையை முடித்துவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறது. கடைகள் பெண்களை விரும்பி எடுப்பதற்குக் குறைந்த சம்பளத்தோடு இதுவும் ஒரு காரணம்.

கேமராவே வேண்டாம் என்று எல்லாப் பெண்களும் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். நகைத் தட்டில் ஒன்று குறைந்தால் சந்தேகம் முதலில் ஏழைப் பெண் மேல்தான் விழும். பதிவு இருந்ததால் தப்பினேன் என்று சொல்பவர்கள் உண்டு. கையைத் தொட்டுப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், கேமரா இருப்பதைக் கண்டால் அடங்குவார் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மை. அந்த உண்மையிலிருந்துதான் கேள்வி பிறக்கிறது. ஒரே பதிவு சில நேரம் அவளைக் காப்பாற்றுகிறது, பல நேரம் அவளை நிற்க வைக்கிறது. வித்தியாசம் கருவியில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது, யார் கேட்டால் திறக்கிறது என்பதில் இருக்கிறது.

பார்வையைக் கீழிருந்து மேலே திருப்பிய ஒரு முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும் அதனிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை எட்டியது. தொழிலாளர்களிலிருந்தே பெண்கள் தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றுத் தொல்லைகளைக் கவனித்துச் சொல்வது அதில் ஓர் ஏற்பாடு. கண்காணிப்பாளர் என்ற அதே சொல்தான். பார்க்கிறவள் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவள். உற்பத்தி குறைந்ததா என்று அவள் பார்ப்பதில்லை, யாராவது கை நீட்டுகிறார்களா என்று பார்க்கிறாள்.

கடைகளில் இப்படி ஒன்று வர நாள் ஆகும். சங்கம் இல்லாத இடம், உறவின் பெயரால் நடக்கும் வேலை. ஆனால் கேட்கத் தொடங்க வேண்டியவை பெரியவை அல்ல. எங்கே கேமரா இருக்கிறது, எதற்காக, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று தமிழில் எழுதி ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சாப்பிடும் இடத்திலும் ஓய்வெடுக்கும் இடத்திலும் கழிப்பறை நடையிலும் கூடாது. ஊழியரின் படத்தை எடுத்துக் குழுவில் போடுவது தவறு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பாலியல் புகாருக்குச் சட்டம் தரும் அவகாசம் முடியும் வரை பதிவு அழியக் கூடாது. குற்றம் சாட்டப்படும் பெண் தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 22-அ பிரிவு நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க வரும் தொழிலாளர் துறை அதிகாரி, ஸ்டூல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போகிறார். ஸ்டூல் எல்லாக் கடையிலும் இருக்கும். அவர் கேட்க வேண்டியது போன வாரத்துப் பதிவை. திங்கள்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கடையில் ஆள் இல்லாதபோது, அந்த ஸ்டூலில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? நம்மை நிற்க வைக்கும் அதே கேமராவில் அதற்கான சாட்சியும் இருக்கிறது. அதைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமையை நாம் இன்னும் கேட்கவில்லை.